ஒயினுக்கு மட்டும் ஏன் தனி வாழ்த்து?

எதைக் குடிப்பதற்கு முன் என்ன வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று யூதர்களுக்குச் சொல்லித்தரும் கையேடுகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் அட்டவணைதான். இடது பக்கம் பானம், வலது பக்கம் வாழ்த்து. ஒயினுக்கு 'ஹகாஃபென்'. திராட்சை ஜூஸுக்கும் அதே. பீர், விஸ்கி, காபி, டீ, பால், ஆரஞ்சு ஜூஸ், தண்ணீர் என்று மிச்சம் எல்லாவற்றுக்கும் 'ஷெஹகோல்'. முதல் வாழ்த்து, கடவுளைத் திராட்சைக்கொடியின் கனியைப் படைத்தவராகப் போற்றுகிறது. இரண்டாவது, எல்லாமே அவர் சொல்லால் உண்டானவை என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்கிறது. ரெண்டு நிமிஷத்தில் மனப்பாடம் பண்ணிவிடலாம்.

அட்டவணையில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு, "சரி, இவங்களும் சடங்குக்கு ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க" என்று ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்ததோ அந்த இடம், அதாவது பாபிலோனிய தால்முத்தில் 'பெராகோத்' என்ற பகுதியின் ஆறாம் அத்தியாயமும் அதை ஒட்டிய பக்கங்களும், பட்டியலுக்கு நேர் எதிரான எழுத்து. அங்கே யாரும் எதையும் சட்டென்று தீர்த்துவைப்பதில்லை. ஒரு காரணம் சொல்வார்கள், உடனே பக்கத்தில் இருப்பவர் அதை உடைப்பார். உடைந்த காரணத்தையும் தொகுப்பாளர்கள் தூக்கிப்போடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் சில மாதங்களாக மொழிபெயர்ப்பில் அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்தபோது தோன்றியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் வாதம் சுருக்கமாக இது. கையேடுகள் எல்லாப் பானங்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்துகின்றன. தால்முத்தில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. இந்தப் பொருள் என்ன என்பது ஒன்று. இந்தப் பொருளை மக்கள் என்னவாக மதிக்கிறார்கள் என்பது இன்னொன்று. ஒயினில் மட்டும் இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன. அது ஏன் என்று சொல்ல முயலும்போதுதான் அறிஞர்கள் திணறுகிறார்கள். அந்தத் திணறல்தான் அந்தப் பக்கங்களின் உயிர்.

முதலில் 'பெராகா' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வோம். தமிழில் இதை 'ஆசீர்வாதம்' என்று எழுதினால் ஒயினை ஆசீர்வதிப்பது போல ஆகிவிடுகிறது. ஏதோ மந்திரம் சொல்லி அதைப் புனிதமாக்குவது போல. அப்படி ஒன்றும் நடப்பதில்லை. வாழ்த்து முழுக்கக் கடவுளை நோக்கியது. கிண்ணத்தில் இருப்பது கிண்ணத்தில் இருந்தபடியே இருக்கிறது. மாறுவது குடிப்பவரின் நிலைதான். ரபி லேவி என்பவர் இதற்கு ஒரு முரண்பாட்டை எடுத்துக்காட்டுகிறார். சங்கீதப் புத்தகத்தில் ஓரிடத்தில் பூமி கடவுளுக்குச் சொந்தம் என்று வருகிறது. இன்னோரிடத்தில் பூமியை மனிதருக்குக் கொடுத்துவிட்டார் என்று வருகிறது. எது சரி? லேவியின் பதில்: வாழ்த்துச் சொல்வதற்கு முன் முதலாவது, சொன்ன பிறகு இரண்டாவது.

அதாவது சொல்லாமல் குடித்தால் திருட்டு. தால்முத் இங்கே பயன்படுத்தும் சொல் இன்னும் கடுமையானது: 'மெயிலா'. ஆலயச் சொத்தைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளும் குற்றத்துக்கான சட்டச்சொல் அது. இதைப் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் எருசலேம் ஆலயமே இல்லை, கி.பி. 70இல் ரோமர்கள் இடித்துவிட்டார்கள். இல்லாத ஆலயத்தின் சொத்துச் சட்டத்தை எடுத்து உலகத்தில் இருக்கும் எல்லாத் தண்ணீர்க் குவளைகள் மேலும் விரித்துப் போட்டிருக்கிறார்கள். ஆலயம் போனதற்குப் புலம்புவதைவிட இது பெரிய துணிச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்ணீர் விஷயம் சுவாரசியமானது, ஆனால் சின்னது. மிஷ்னா சொல்வது: தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பவர் 'ஷெஹகோல்' சொல்ல வேண்டும். தாகத்துக்கு என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும், வேறு எதற்குக் குடிப்பார்கள் என்று தால்முத் கேட்கிறது. தொண்டையில் இறைச்சித் துண்டு சிக்கிக்கொண்டு அதைத் தள்ளிவிடக் குடித்தால் வாழ்த்து வேண்டாம் என்று பதில். மாத்திரை விழுங்கக் குடிக்கும் தண்ணீருக்கும் இதே விதியைப் பின்னால் பொருத்தினார்கள். அதே தண்ணீர், அதே குவளை. தாகம் தணியும் சுகம் இருந்தால் கடன் உண்டு, இல்லையென்றால் இல்லை. பொருள் என்ன என்று மட்டும் பார்க்கும் சட்டமாக இருந்தால் இப்படி ஒரு விலக்கு வந்திருக்காது.

சரி, ஒயினுக்கு வருவோம்.

மிஷ்னா ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது: மரத்தின் கனிகளுக்கு மரத்தின் கனி என்ற வாழ்த்து, ஒயின் மட்டும் விலக்கு, அதற்குக் கொடியின் கனி என்று தனி வாழ்த்து. ஏன் என்று சொல்லவில்லை. மிஷ்னாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சில நூற்றாண்டுகள் கழித்து பாபிலோனில் உட்கார்ந்திருக்கும் அறிஞர்களுக்கு அந்த ஒரு விலக்கு உறுத்துகிறது.

முதல் யோசனை: திராட்சை ஒயினாகும்போது மேலான நிலைக்கு மாறுகிறது, அதனால் வாழ்த்தும் மாறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உடனே எதிர்க்கேள்வி: ஒலிவப்பழம் எண்ணெயாவதும் அப்படித்தானே? எண்ணெய்க்கு ஏன் மரத்தின் கனி என்ற பழைய வாழ்த்தே? அதற்கு ஒருவர் மொழியைக் காரணம் காட்டுகிறார். எபிரேயத்தில் திராட்சைக்கொடிக்கு ஒரு பெயர், பழத்துக்கு வேறு பெயர். ஒலிவத்துக்கு மரமும் பழமும் ஒரே பெயர்தான். அதனால் எண்ணெய்க்குத் தனி வாழ்த்து அமைக்க வார்த்தை இல்லை என்கிறார். ஒரு சமய விதியை அகராதியில் உள்ள ஓட்டையை வைத்து விளக்குவது! அதுவும் நிற்கவில்லை. அடுத்து மார் சூத்ரா: ஒயின் போஷிக்கும், எண்ணெய் போஷிக்காது. இதை உடைக்க ஒரு பழைய சட்டம் வருகிறது. 'உணவு வேண்டாம்' என்று நேர்ந்துகொண்டவருக்குத் தண்ணீரும் உப்பும் மட்டும்தான் அனுமதி. அப்படியென்றால் மற்றதெல்லாம் உணவு, எண்ணெய் உட்பட. மார் சூத்ராவின் காரணமும் காலி.

சரி, ஒயின் வயிற்றைத் தாங்கும், எண்ணெய் தாங்காது என்று வார்த்தையை மாற்றிப் பார்க்கிறார்கள். தாங்குமா? ராவா என்ற பெரிய அறிஞர் பஸ்கா பண்டிகைக்கு முந்தைய நாள் பூராவும் ஒயின் குடிப்பாராம், இரவில் நன்றாகப் பசித்துப் புளியாத அப்பத்தைச் சாப்பிடுவதற்காக. வயிற்றை நிரப்பும் பொருளைக் குடித்தால் பசி எப்படி எடுக்கும்? பதில்: கொஞ்சம் குடித்தால் தாங்கும், நிறையக் குடித்தால் பசியைக் கிளப்பும். இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். சட்டம் ஒரு மனிதரின் குடிப்பழக்கத்தில் வந்து நிற்கிறது, அதுவும் பெயரோடு.

கடைசியில் சங்கீதத்துக்கே திரும்புகிறார்கள். அங்கே ஒயின் மனதை மகிழ்விப்பதாகவும் அப்பம் உடலைத் தாங்குவதாகவும் வேலையைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. தால்முத்தின் முடிவு: ஒயின் இரண்டையும் செய்கிறது, அப்பம் ஒன்றை மட்டும் செய்கிறது. அப்பாடா என்று உட்காருவதற்குள் அடுத்த கேள்வி. அப்படியென்றால் அப்பம் சாப்பிட்ட பிறகு சொல்லும் நீண்ட நன்றியை ஒயினுக்கும் சொல்ல வேண்டியதுதானே? பதில்: மக்கள் ஒயினை வைத்துச் சாப்பாட்டை முடித்துக்கொள்வதில்லை. ரவ் நாக்மான் பார் இஸ்ஹாக் விடவில்லை. ஒருவன் அப்படி முடித்துக்கொண்டால்? ராவா சொல்கிறார்: எலியா தீர்க்கதரிசி வரும்போது அதைச் சாப்பாடாக எடுத்துக்கொள்ளலாமா என்று சொல்வார். இப்போதைக்கு ஊரார் எண்ணத்துக்கு முன்னால் ஒருத்தன் எண்ணம் செல்லாது.

இந்தப் பகுதியைத் தோல்வியடைந்த வாதங்களின் வரிசை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருளின் தன்மை, மொழி, உடல், வேதவாக்கு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டுக் கடைசியில் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள்: மக்கள் என்ன செய்கிறார்கள். இத்தனை சுற்றும் அங்கே வருவதற்காகத்தான் என்றால், முதலிலேயே 'வழக்கம்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் மற்ற கதவுகள் திறக்காதவை என்று வாசகருக்குத் தெரியாமலே போயிருக்கும். எலியாவுக்கு ஒத்திப்போடுவதையும் நான் நழுவலாகப் பார்க்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒரு சட்டநூல் தன் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறது.

ஆனாலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். மகிழ்ச்சி என்ற காரணத்தை அவர்கள் உண்மையிலேயே நம்பினார்களா? புளிக்காத திராட்சைச் சாற்றை வைத்துப் பரிசோதித்தால் அது நொறுங்கிவிடுகிறது. பாபா பத்ரா என்ற பகுதியில் இதே ராவா சொல்கிறார்: ஒரு திராட்சைக் குலையைப் பிழிந்து அப்போதே அதன் மேல் ஓய்வுநாளின் 'கித்தூஷ்' சொல்லலாம். புளிக்கவே இல்லை, மனதை மகிழ்விக்க அதில் ஒன்றும் இல்லை, இருந்தும் கொடியின் கனி என்ற வாழ்த்து கிடைத்துவிடுகிறது. (தமிழ் விவிலியத்தின் 'திராட்சரசம்' என்ற சொல் இந்த இடத்தில் விசித்திரமாகப் பொருந்துகிறது. அது ஒயினா ஜூஸா என்று சொல்லாமலே இரண்டையும் தாங்கிக்கொள்கிறது.)

இது ஏட்டுச் சந்தேகமாக மட்டும் இருந்துவிடவில்லை. 1920இல் அமெரிக்கா மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சமயத் தேவைக்கான ஒயினுக்கு விலக்கு கொடுத்தது. கத்தோலிக்கர்களுக்கு அது பீடத்தில், பாதிரியார் கையில் முடிந்துவிடும். யூதர்களுக்குக் கித்தூஷ் வீட்டில் நடப்பது. அதனால் ரபிகள் தங்கள் சபையாரின் பட்டியலைக் கொடுத்து, பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 10 காலன் என்ற கணக்கில் ஒயின் வாங்கி விநியோகிக்கலாம் என்று ஏற்பாடு. என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். திடீர் ரபிகள் முளைத்தார்கள். இல்லாத சபைகளுக்குப் பட்டியல்கள் வந்தன. செய்தித்தாள்களில் பெயர் கெட்டது.

நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரியில் தால்முத் பேராசிரியராக இருந்த லூயிஸ் கின்ஸ்பெர்க் (யூதப் பழங்கதைகளைப் பல தொகுதிகளாகத் திரட்டியவர் என்றால் சிலருக்குத் தெரியும்) 1922இல் நீண்ட தீர்ப்புரை ஒன்று எழுதினார். புளிக்காத திராட்சைச் சாறே கித்தூஷுக்குப் போதும், சட்டத்திடம் விலக்குக் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். பழமைவாத ரபிகள் பலர் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தை வெறும் வியாபாரக் கோபம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒயினுக்குத் தனி இடம் கிடைத்ததே அது மகிழ்விப்பதால்தான் என்று தால்முத் சொல்லியிருக்க, அந்த மகிழ்ச்சியை வடிகட்டிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் இவர். ஆனால் ஏட்டின்படி கின்ஸ்பெர்க் நிற்கும் இடம் உறுதியானது. ராவாவின் பிழிந்த குலையை யாரும் மறுக்க முடியாது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் பீர் நிற்கிறது. பாபிலோனில் திராட்சை அருமை, பேரீச்சை தாராளம். அங்கே சாதாரண மக்களின் பானம் பேரீச்சையில் செய்த பீர். மனதை மகிழ்விப்பதில் ஒயினுக்கு ஒன்றும் குறைந்ததில்லை. வாழ்த்து? பொதுவான 'ஷெஹகோல்'தான். பழத்திலிருந்து வடியும் சாறு பழத்தின் வியர்வை மாதிரி, அது பழம் ஆகாது என்று தால்முத் வேறோரிடத்தில் பேரீச்சைத் தேனைப் பற்றிச் சொல்கிறது. திராட்சையும் ஒலிவமும் மட்டும் இதற்கு விலக்கு. ஆரஞ்சு ஜூஸுக்கு இன்றுவரை 'ஷெஹகோல்' சொல்வது இந்த வியர்வைக் கொள்கையால்தான்.

ஆக, திராட்சை ஜூஸுக்குப் பெயர் உண்டு, மகிழ்ச்சி இல்லை. பீருக்கு மகிழ்ச்சி உண்டு, பெயர் இல்லை. கையேடு இதோடு நிறுத்திவிடும். தால்முத் நிறுத்தவில்லை. பெசாகீம் பகுதியில் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது.

அமேமார் என்ற அறிஞர் ஓர் ஊருக்கு வருகிறார். ஓய்வுநாள் முடிகிற நேரம். அதை முடித்துவைக்கும் 'ஹவ்தாலா' சொல்லாமல் சாப்பிடக்கூடாது. அதற்கு ஒரு கிண்ணம் ஒயின் வேண்டும். ஊரில் ஒயின் இல்லை, பீர் கொண்டுவருகிறார்கள். அவர் அதன் மேல் சொல்ல மறுத்துப் பட்டினியாகவே படுத்துவிடுகிறார். மறுநாள் அந்த வீட்டார் எங்கெங்கோ அலைந்து ஒயின் தேடிக்கொண்டுவர, ஹவ்தாலா சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார். அடுத்த வருடம் மறுபடி வருகிறார். இப்போதும் ஒயின் இல்லை, மறுபடி பீர். அமேமார் சொல்கிறார்: அப்படியென்றால் இதுதான் இந்த நாட்டின் ஒயின். பீர் மேலேயே ஹவ்தாலா சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார்.

முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் நடுவில் பீரில் எதுவும் மாறவில்லை. மாறியது அமேமாருக்குக் கிடைத்த தகவல்: போன தடவை ஒயின் இல்லாதது தற்செயல் இல்லை, இவர்கள் வாழ்க்கையே இப்படித்தான். ஒரு ராத்திரி பட்டினி கிடந்து கற்றுக்கொண்ட சட்டம். 'நாட்டின் ஒயின்' என்ற இந்தச் சொல், அரமேயத்தில் 'ஹமார் மெதினா', இதற்குப் பிறகு தனிச் சட்டப்பிரிவாகவே ஆகிவிட்டது. ஆனால் கவனியுங்கள், பீரைக் கையில் எடுத்து ஹவ்தாலா சொல்பவர் அப்போதும் 'ஷெஹகோல்'தான் சொல்வார். கொடியின் கனி என்று பொய் சொல்லமாட்டார். அது என்ன பொருள் என்பதில் மாற்றம் இல்லை. ஒயினின் நாற்காலியில் உட்கார அதற்கு இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் முதலில் சொன்ன இரண்டு அளவுகோல்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் இடம் இது. அட்டவணையில் இதற்குக் கட்டமே கிடையாது.

20ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் மோஷே ஃபைன்ஸ்டைன் இதே பிரிவின் கீழ் டீயையும் காபியையும், வேறு வழியில்லாத நேரத்தில், ஏற்றுக்கொண்டார். அவர் வைத்த சோதனை அழகானது: தாகமே இல்லாதபோதும் விருந்தாளிக்கு மரியாதைக்காகக் கொடுக்கும் பானமா? அப்படியானால் சரி. ஒரு வீட்டில் காபி எதற்காகத் தரப்படுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

காபியின் சொந்த வாழ்த்து பற்றியும் ஒரு புதிர் உண்டு. காய்கறி வேகவைத்த தண்ணீருக்குக் காய்கறிக்கு உரிய வாழ்த்தையே சொல்ல வேண்டும் என்று தால்முத்தில் விதி இருக்கிறது. காபிக்கொட்டை மரத்தில் காய்க்கிறது. அப்படியானால் காபிக்கு மரத்தின் கனி என்றல்லவா சொல்ல வேண்டும்? கேட்டவர்கள் உண்டு. நடைமுறை 'ஷெஹகோல்'. அதற்குச் சொன்ன காரணங்கள் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. வழக்கம் முந்திக்கொண்டது, காரணம் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்தது.

ஒயினே காலத்துக்கும் இடத்துக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. தால்முத் காலத்து ஒயின் கெட்டியானது, மூன்று பங்கு தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். தண்ணீர் கலக்கும்வரை அதற்குக் கொடியின் கனி என்று சொல்லவே கூடாது என்று ரபி எலியேசர் வாதிட்டிருக்கிறார். கலப்பதற்கு முன் அது வெறும் மரக்கனிதானாம். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் க்ராகோவில் இருந்த மோஷே இஸ்ஸெர்லெஸுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அவர் ஊர் ஒயின் மெல்லியது, கலக்காமல் குடிப்பதே மேல் என்கிறார். கலவையில் ஆறில் ஒரு பங்குதான் ஒயின் என்றால் அது ஒயின் கணக்கிலேயே வராது என்றும் கோடு போட்டார்.

இந்தியாவில் வேறு கதை. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களும் கொச்சி யூதர்களும் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் கித்தூஷுக்குப் பயன்படுத்தினார்கள். ஏழைக்குக் கிடைத்த மாற்றுவழி என்று இதைச் சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத இரக்கம். உலர்திராட்சை ஒயின் தால்முத்திலேயே அனுமதிக்கப்பட்டது. யோசேப் காரோவின் 'ஷுல்கான் அரூக்' வைக்கும் ஒரே நிபந்தனை, மிதித்தால் ஈரம் கசிகிற அளவுக்குத் திராட்சையில் சாறு மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான்.

அளவு பற்றி ஒரே ஒரு துணுக்கு. கித்தூஷ் கிண்ணத்தின் குறைந்தபட்சம் 86 மில்லி என்று ஒரு கணக்கு, 150 மில்லி என்று இன்னொரு கணக்கு. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'கிண்ணம்' என்ற சொல்லைக் கூட்டினால் 86, 'தகுந்த கிண்ணம்' என்பதைக் கூட்டினால் 150. இரண்டு தரப்பும் இதைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள்.

சாப்பாட்டின் நடுவே இன்னொரு ஒயின் வந்தால் வேறொரு வாழ்த்து இருக்கிறது: கடவுளை நல்லவர், நல்லது செய்பவர் என்று போற்றுவது. தனியாகக் குடித்தால் கிடையாது, கூட ஒருவராவது இருக்க வேண்டும். சேர்ந்து குடிக்கும் மகிழ்ச்சிக்கான வாழ்த்து. ஆனால் இதே சொற்கள் சாப்பாட்டுக்குப் பிந்தைய நன்றியில் எப்போது சேர்ந்தன என்று தால்முத் சொல்வது வேறு கதை. கி.பி. 135இல் ரோமர்களிடம் வீழ்ந்த பெதார் கோட்டையில் கொல்லப்பட்டவர்களைப் புதைக்க அனுமதி கிடைத்த நாளில்தானாம். பெதாரின் ரத்தத்தால் ஏழு வருடங்கள் திராட்சைத் தோட்டங்களுக்கு எருவே தேவைப்படவில்லை என்று கித்தீன் பகுதியில் ஒரு மரபு பதிவாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டால், இரண்டாவது பாட்டில் திறக்கும்போது சொல்லும் அந்த வாழ்த்து பழையபடி காதில் விழாது.

இனி எனக்கு ஒத்துப்போகாத விஷயம். ஒயினுக்குக் கிடைத்த இந்தத் தனி இடத்துக்கு ஒரு விலை இருக்கிறது: வேலி. யூதரல்லாதவர் தொட்ட ஒயினைக் குடிக்கக்கூடாது. விக்கிரகத்துக்குப் படைத்திருக்கலாம் என்பது ஒரு காரணம். சேர்ந்து குடித்தால் சம்பந்தம் பேசும்வரை போகும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தைத் தால்முத் மறைக்கவில்லை. பீருக்கு இவ்வளவு கடுமை இல்லை. மகிழ்விக்கும், மனிதரை நெருக்கமாக்கும் என்ற அதே குணத்துக்காக ஒயினை உயரத்தில் ஏற்றிவிட்டு, அதே குணத்துக்காகவே சுற்றிலும் முள் போட்டிருக்கிறார்கள். எங்கேயும் சிறுபான்மையாகவே வாழ்ந்த ஒரு சமூகம் கரைந்துபோகாமல் இருக்கப் போட்ட வேலி இது, மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தள்ளிவைத்ததல்ல என்பது புரிகிறது. இருந்தாலும் தொட்டால் கெட்டுவிடும் என்ற விதியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

அவர்களாலும் முடியவில்லை என்பதற்கு அவோதா ஸாராவில் ஒரு காட்சி இருக்கிறது. ஷ்முவேலும் அவருடைய நண்பர் அவ்லத்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்லத் யூதரல்லாத ஓர் அறிஞர். காய்ச்சிய ஒயின் வருகிறது. நண்பரின் ஒயின் கெட்டுவிடக்கூடாதே என்று அவ்லத் தானாகவே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். ஷ்முவேல் சொல்கிறார்: காய்ச்சிய ஒயினுக்கு அந்தத் தடை இல்லை. இன்று கோஷர் விருந்துகளில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று 'மெவுஷால்' முத்திரையோடு சூடாக்கிய ஒயின் வருவதற்கு மூலம் இந்தக் கை. வேலியில் ஒரு சந்து கிடைத்தது நல்லதுதான். ஆனால் முதலில் அசைந்தது அவ்லத்தின் கை என்பதை மறக்க முடியவில்லை.

வெளியே இருப்பவருக்கு இப்படி. உள்ளே இருப்பவருக்கு? இங்கேதான் பெராகோத் 51ஆம் ஏட்டுக்கு வருகிறோம்.

சாப்பாட்டுக்குப் பின் நன்றி சொல்லும்போது கையில் ஏந்தும் ஒயின் 'வாழ்த்தின் கிண்ணம்'. அதற்குப் பத்து முறைகளை அடுக்குகிறது தால்முத்: கழுவ வேண்டும், நிரப்ப வேண்டும், இரண்டு கைகளால் வாங்க வேண்டும் என்று போகும் பட்டியலின் முடிவில் சிலர் சேர்ப்பது, வீட்டுக்காரிக்கு அதை அனுப்பிவைப்பது, வீடு வளம் பெற. அதை ஒட்டியே ஒரு கதை. உல்லா என்ற அறிஞர் ரவ் நாக்மானின் வீட்டில் (எலியா கேள்வி கேட்டவர் இல்லை, இவர் வேறு நாக்மான்) விருந்து சாப்பிடுகிறார். நன்றி சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நாக்மானிடம் தருகிறார். நாக்மான், யால்தாவுக்கும் அனுப்புங்கள் என்கிறார். யால்தா அவர் மனைவி. உல்லா மறுக்கிறார்: பெண்ணின் வயிற்றுக் கனிக்கு வரும் ஆசி ஆண் வழியாகத்தான் வருகிறது, உங்களுக்குக் கொடுத்தாயிற்று, போதும். அதற்கு வேதத்தில் ஆதாரமும் காட்டுகிறார்.

யால்தா அதைக் கேட்டுவிட்டாள். கோபத்தோடு எழுந்து ஒயின் கிடங்குக்குப் போய் 400 ஜாடிகளை உடைத்தாள்.

நாக்மான் மறுபடி சொல்கிறார், இன்னொரு கிண்ணமாவது அனுப்புங்கள். உல்லா அனுப்புகிறார், கூடவே ஒரு செய்தியும்: இந்த ஜாடி ஒயின் முழுவதும் வாழ்த்தின் கிண்ணத்தோடு சேர்ந்ததுதான். அதாவது எதைக் குடித்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்கிறார். யால்தா திருப்பி அனுப்பிய பதில் பழமொழி மாதிரி இருக்கிறது: ஊர் ஊராக அலையும் வியாபாரியிடம் வாய்ப்பேச்சும் கந்தலில் பேனும்தான் கிடைக்கும் என்பது போல.

இதற்கு உரை எழுதிய பலர் அவளுடைய கோபத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு உல்லாவின் இரண்டாவது செய்திதான் உறுத்துகிறது. பொருள் வேறு, மதிப்பு வேறு என்று இத்தனை பக்கம் நுணுக்கமாகப் பிரித்த மரபு இது. பீருக்கு நாற்காலி கொடுக்க ஒரு ராத்திரி பட்டினி கிடந்தவர்கள். அந்த மரபில் வந்தவர், ஒரு பெண் கேட்டபோது மட்டும், ஒயின் எல்லாம் ஒன்றுதான் என்கிறார். ஒன்றில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். யால்தா சட்டத்தைத் தெரிந்துதான் கேட்கிறாள், அந்தக் கடைசி முறை அவள் பக்கம் இருக்கிறது. 400 ஜாடியும் ஒரே பொருளாக இருக்கலாம். அவள் கேட்டது அந்த ஒரு கிண்ணத்தை.

கதையைத் தால்முத் அதோடு விட்டுவிடுகிறது. யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, உல்லாவைக் கண்டிக்கவில்லை, யால்தாவையும் கண்டிக்கவில்லை. உடைந்த ஜாடிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றுகூட இல்லை, வழக்கமாக அதையெல்லாம் விடமாட்டார்கள். ஏட்டில் அடுத்து வருவது ரவ் அஸியின் ஒரு விதி: வாழ்த்தின் கிண்ணம் கையில் இருக்கும்போது பேசக்கூடாது.